கலியமூர்த்தி சிரிக்காத படம்

போன வாரம் சுலோசனா வாயைக் கொடுத்து வம்பை வாங்கிக்கொண்டு வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பத்திரிகையை இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக மட்டும் ஒருமுறை சொல்லிவிடலாம்.

அவளுடைய அண்ணன் கலியமூர்த்திக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. பேனரில் போடுவதற்காக ஃபோட்டோக் கடையில் எடுத்த படத்தை அவர் பெருமையாகக் காட்டினார்.

"இன்னாண்ணா இது, மூஞ்சிய மைதாவுல உருட்டி எடுத்த மாரி கீது? நானே இதவிட நல்லா எடுப்பேன்" என்றாள் சுலோசனா.

கலியமூர்த்தி நலச்சங்கத் தலைவர். அவரிடம் யாரும் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது.

"எடு. ஞாயித்துக்கெழம வரேன். படம் நல்லாகீதுன்னு எனக்குத் தோணுச்சுன்னா, ஊட்டு முன்னாடி காலியா கெடக்குதே கடை, அது உனுக்கு. ஸ்டூடியோ வெச்சிக்கோ. இல்லாங்காட்டி அன்னிக்கே பூந்தமல்லி பாசித் பாய்க்கு, பிரியாணி கடை போட்டுக்கங்கன்னு சொல்லிடுவேன். அப்பால எம்மேல வருத்தப்படக் கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது.

ஆவடியை ஒட்டிய சேக்காட்டில், தன் வீட்டு மாடிப் படுக்கையறைதான் சுலோசனாவின் ஸ்டூடியோ. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்திருந்தாள். கல்யாணங்களுக்குப் படம் எடுத்து வெறுத்துப்போய் ஜூஸ் கடை வைத்துவிட்ட ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய கேமரா அவளுடையது. அதன் லென்ஸுக்குக் கிட்டே வரவும் தெரியாது, தூரப் போகவும் தெரியாது. போக வேண்டியது நாம்தான். முகமும் தோளும் சேர்ந்து தெரியவேண்டுமென்றால் சுலோசனா பின்னாலேயே நடந்து, அறையைத் தாண்டி, பாத்ரூமுக்குள் போய், டாய்லெட்டில் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கேமரா வேண்டாமென்று ஃபோனில் கிட்டே போய் எடுத்தும் பார்த்தாயிற்று. அவள் வீட்டுக்காரர் ஹேமநாதனின் மூக்கு முதலில் வந்தது. மற்ற முகம் அடுத்த பஸ்ஸில் வந்ததுபோல் பின்னால் இருந்தது.

அவளுக்கு வேண்டியதெல்லாம் பின்வாங்க ஒரு நாலடி இடம். அண்ணன் வீட்டுக் கடையில் அது இருந்தது. அதற்காகத்தான் இத்தனை பாடும்.

ஜன்னல் வெளிச்சம் முகத்துக்கு நல்லது என்று யூடியூபில் ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். அவர்கள் யாருக்கும் பக்கத்து வீட்டில் சின்னப்பையன் இல்லை. பெயர்தான் அப்படி, ரிட்டயராகி வெகுகாலம் ஆகிறது. போன மாதம் அவர் வீட்டுச் சுவருக்குக் கிளிப்பச்சை அடித்தார். அன்றுமுதல் சுலோசனா ஜன்னலோரம் உட்கார வைக்கிற ஆளெல்லாம் கோயம்பேட்டில் விற்காமல் திரும்பி வந்த கோஸ் மாதிரி ஆனார்கள்.

பால்கனிக் கதவைத் திறக்கலாமே என்றால், பருத்திப்பட்டு ஏரிக் கொசு. காயப்போட்ட லுங்கியை நாலு மூலையும் பிடித்து எதிர்வீட்டு மொட்டைமாடி வரைக்கும் கொசுக்கள் தூக்கிப்போனதாக ஹேமநாதன் சொல்வார். காற்றில் பறந்திருக்கும் என்று யாராவது சொன்னால், அன்றைக்குக் காற்றே இல்லை என்பார். அதனால் கதவு சாத்தியே இருக்கும்.

எனவே டியூப்லைட். அதைத் தாங்குகிற ஸ்டாண்டு, ஹேமநாதன்.

"பின்னாடி சுவத்துல காரை பேந்துகீதும்மா. நல்லாவே இல்ல" என்றாள் மகள் ஜெயப்பிரியா.

சுலோசனா பீரோவைத் திறந்து கறுப்புத் துணி ஒன்றை எடுத்தாள். கறுப்பு பின்னால் இருந்தால் முகம் எடுப்பாகத் தெரியும் என்று பார்த்திருந்தாள்.

"அடியே! அது மாலை போட்டப்போ கட்டுன வேட்டிடி. மலைக்குப் போயி வந்த வேட்டி!" என்றார் ஹேமநாதன். ஸ்டாண்டு அசைந்ததால் வெளிச்சமும் அசைந்தது.

"சாமி கோச்சிக்காது. எங்கண்ணன்தான் கோச்சிக்கும். கைய ஆட்டாத."

இரண்டு வேட்டியைச் சேர்த்துக் குண்டூசி குத்திக் கட்டி முடித்தபோது வாசலில் கார் நின்றது.

கலியமூர்த்தி பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தோளில் சங்கத்தில் போர்த்திய சால்வையோடு மேலே வந்தார். பின்னால் அவர் மனைவி நாகம்மாள், அரக்குப் பட்டுப்புடவையில், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னா மாப்ள, கைல டியூப்லைட்டு?"

"புடிச்சிக்கினு நிக்கச் சொன்னா மச்சான், நிக்கிறேன்."

"அண்ணி, நீங்க சும்மாதான நிக்கிறீங்க, இந்தத் தெர்மாகோல கொஞ்சம் புடிங்க. இந்தாண்ட கன்னத்துல இருட்டடிக்குது" என்றாள் சுலோசனா.

நாகம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தெர்மாகோலைப் பிடித்தாள்.

கேமராவைத் தூக்காதவரைக்கும் கலியமூர்த்தி மனிதர்தான். தூக்கிய மாத்திரத்தில் ஆள் காணாமல் போய்விடுவார். அவர் இருந்த ஸ்டூலில் ஆதார் அட்டை ஒன்று உட்கார்ந்திருக்கும்.

"அண்ணா, கொஞ்சம் லூசா உக்காரு."

"லூசா உக்காந்தா எவன் மதிப்பான்?"

"சரி, லேசா சிரி."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா சிரிக்கிறவன ஊர்ல இன்னான்னு சொல்வாங்க தெரியுமா?"

பாத்ரூமுக்குள்ளிருந்து சுலோசனா எடுத்தாள். எடுத்து எடுத்துப் பார்த்தாள். கலியமூர்த்தியின் வழுக்கை உச்சந்தலையில் டியூப்லைட் முழுசாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அதில் கம்பெனி பெயரைக்கூடப் படிக்கலாம்.

நாகம்மாள் தெர்மாகோலை வைத்துவிட்டு வந்து தலைக்குப் பவுடர் போட்டாள். பளபளப்பு போயிற்று. ஆனால் கறுப்பு வேட்டிக்கு முன்னால் ஒரு இட்லி உட்கார்ந்திருந்தது. துடைத்தார்கள். விளக்கை உயரத் தூக்கியதும் மூக்குக்கண்ணாடியில் மின்னியது. கண்ணாடியைக் கழற்றினால், அது இல்லாமல் அவர் கண் எங்கோ மயிலாப்பூர்ப் பக்கம் பார்த்தது. மாட்டிவிட்டுத் தலையைக் குனியச் சொன்னால் தாடைக்குக் கீழே இன்னொரு தாடை வந்தது. நிமிர்ந்தால் மூக்குத் துவாரம்.

தவளையைத் தராசில் நிறுத்துகிற கதைதான். ஒன்றைப் பிடித்து வைத்தால் இன்னொன்று குதித்தது.

"ஒரு லைட்ட நேரா புடிக்கத் தெரியல! மூக்கு நெழல் ஒதட்டு மேல வுழுவுது பாரு, மீச வெச்ச மாரி" என்று புருஷன்மேல் பாய்ந்தாள்.

"அவருக்கு மீசை நெசமாவே கீதுடி."

"ரெண்டு மீச தெரியுது!"

"அம்மா, அடுத்த வாரம் ட்ரை பண்ணலாம்மா" என்றாள் ஜெயப்பிரியா.

"அடுத்த வாரம் அங்க பிரியாணி வேவும்டி."

கலியமூர்த்தி ஃபோனைப் பார்த்தார். "பாசித் பாய்தான். 'இன்னா முடிவு பண்ணீங்க'ன்னு கேட்டுகீறாரு. நல்ல மனுஷன், ஒரு தபாதான் கேட்டாரு. ஏம்மா சுலோ, உன்னால ஆவலன்னா சொல்லிடேன். கடக்காரன் ரெண்டே நிமிஷத்துல எடுத்தான்."

சுலோசனாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சின்ன வயசில் சைக்கிள் கேட்டபோதும் இதே குரலில்தான் சொன்னார், உன்னால ஆவாது என்று. அவள் மறுபடி பாத்ரூமுக்குள் போனாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

மின்விசிறி நின்றதும் பட்டுச் சட்டைக்குள் கலியமூர்த்தி வேகத் தொடங்கினார். "கொசு கடிச்சா கடிக்கட்டும், கதவத் தொற மாப்ள!"

ஹேமநாதன் பால்கனிக் கதவில் ஒரு பக்கத்தை மட்டும் திறந்தார். வெளியே கொடியில் அவருடைய வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. பகல் வெயில் அந்த வேட்டியில் இறங்கி, வடிந்து, சூடெல்லாம் கழிந்து, பால் மாதிரி கலியமூர்த்தியின் இடது கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. வலது பக்கம் மெல்ல மெல்ல இருட்டுக்குள் போயிற்று.

கரண்டு இல்லையென்றால் கேமராவும் வேலை செய்யாது என்பது கலியமூர்த்தியின் தீர்மானமான எண்ணம். அதனால் தோளைத் தளர்த்தினார். சால்வை கொஞ்சம் சரிந்தது. கதவு இடுக்கு வழியாக எங்கோ பார்த்தார். கண்ணில் ஒரு தூரம் வந்தது, ஒரு ஏக்கம் வந்தது. எல்லாவற்றையும் பார்த்து முடித்த மனிதருடைய சாந்தம் முகத்தில் படர்ந்தது.

சுலோசனா மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்கினாள்.

அந்த நேரத்தில் கலியமூர்த்தி என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பதைப் பிற்பாடு அவரே சொன்னார். மணி ஒன்றாகிறது, பாசித் பாய் கடை வைத்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு ஒரு பொட்டலமாவது அனுப்ப மாட்டாரா என்று நினைத்தாராம்.

படத்தை லாப்டாப்பில் பெரிதாக்கினாள். மீசையில் ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியாக நின்றது. கண்மணியில் ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தது. மைதா இல்லை, இட்லி இல்லை, ஆதார் அட்டை இல்லை. கலியமூர்த்தி இருந்தார்.

"அம்மா, செமம்மா!" என்றாள் ஜெயப்பிரியா.

கலியமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நல்லாகீது என்று உடனே சொல்லிவிட்டால் அவர் தலைவரில்லையே! "பேனர்ல எப்டி வருதுன்னு பாத்துட்டுச் சொல்றேன். தமிழரசுக்கு அனுப்பு. மாதிரிக்கு ஒரு பேனர் போட்டு அனுப்பச் சொல்லு" என்றார்.

தமிழரசு, சங்கத்துக்கு வழக்கமாகப் பேனர் அடிக்கிறவர். சுலோசனா முதலில் படத்தை அனுப்பினாள். கூடவே அண்ணன் பெயர், பிறந்த தேதி. அடுத்ததாக, 'அறுபதாம் கல்யாணம்' என்று தொடங்கி மண்டபம், நாள் எல்லாம் விவரமாக எழுதி அனுப்பினாள்.

கரண்டு போனால் கொஞ்ச நேரத்தில் சேக்காட்டில் டவரும் படுத்துக்கொள்ளும். முதல் செய்தி போய்ச் சேர்ந்தது. இரண்டாவது, பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரத்தோடு அங்கேயே நின்றது. பசி மும்முரத்தில் அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் கீழே போய்ச் சாம்பார் சாதம் சாப்பிட்டார்கள்.

கை கழுவும்போது கரண்டு வந்தது, டவர் வந்தது, தமிழரசின் பதிலும் வந்தது.

"வந்துடுச்சு, எல்லாரும் வாங்க!" என்று சுலோசனா கூப்பிட்டாள். அண்ணன் முகத்துக்கு நேராக ஃபோனைப் பிடித்துக்கொண்டு திறந்தாள்.

இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்தது. படத்துக்கு ரோஜா மாலை போட்டிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'தோற்றம்' என்று பிறந்த தேதி. பக்கத்தில் 'மறைவு' என்று போட்டுக் காலி இடம்.

அதற்குள் ஜெயப்பிரியாவின் விரல் பட்டு, கூட வந்திருந்த குரல் செய்தி பேசத் தொடங்கிவிட்டது.

"அக்கா, மனசே தாங்கலக்கா. நேத்துகூட டீக்கடையில அண்ணன பாத்தேன், நல்லாதான் பேசிக்கினு இருந்தாரு. இன்னொரு தேதி மட்டும் அனுப்புங்க, உடனே அடிச்சிடறேன். சங்கத்து குரூப்ல நானே தகவல் போட்டுட்டேன். நீங்க அழுவாதீங்க. படம் ரொம்ப அம்சமா கீது."

அப்போதுதான் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. கறுப்புப் பின்னணி, பாதி இருட்டு முகம், எங்கோ பார்க்கிற பார்வை, சிரிக்காத வாய். ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் சுவர் சுவராகப் பார்த்துப் பழகிய படம்தான். காலையிலிருந்து நிழலையும் வெளிச்சத்தையும் அளந்துகொண்டிருந்த சுலோசனாவுக்கு மட்டும் அது தோன்றவே இல்லை.

"அந்த வேட்டிய தொடாதன்னு அப்பவே சொன்னேன்" என்றார் ஹேமநாதன், மெதுவாக.

கலியமூர்த்தியின் ஃபோன் அடித்தது. அவரே எடுத்தார்.

"அம்மா," என்றது ஒரு குரல், "சங்கத்துலேர்ந்து பேசறேன். ஐஸ் பொட்டிக்குச் சொல்லிட்டோம். தலைவர ஊட்டுல வெச்சிகீறீங்களா, ஆஸ்பத்திரிலேர்ந்து வரணுமா?"

"தலைவர் சேக்காட்டுல தங்கச்சி ஊட்டுல சாம்பார் சாதம் துன்னுகினு கீறாரு. ஐஸ் பொட்டி வேணாம், ஒரு ஐஸ்கிரீம் அனுப்பு" என்றார் கலியமூர்த்தி.

அந்தப் பக்கம் ஃபோன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. பேசியவர் அன்றிலிருந்து ஃபோனைக் காதில் வைப்பதில்லை, கைநீளத்தில் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார் என்று ஊரில் சொல்கிறார்கள்.

அடுத்தடுத்துப் பதினெட்டுப் பட்டியும் பேசியது. ஒவ்வொருவருக்கும் கலியமூர்த்தி தான் உயிரோடு இருப்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் நம்பவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் கொடுங்கள் என்றார்.

எல்லாம் ஓய்ந்தபின் அவர் சுலோசனாவின் ஃபோனைக் கேட்டு வாங்கி, மாலையில்லாத மூலப்படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எம் மூஞ்சி இப்டியா கீது?"

"ஆமாண்ணா."

"நல்லாத்தான் கீது." 

சுலோசனா ஜெயப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத அழிச்சிடாத. பத்திரமா வெச்சிரு. நெசமா அந்த நாளு வரும்போது இதத்தான் போடணும். வேற எவன் எடுத்ததயும் போடக் கூடாது, சொல்லிட்டேன். கல்யாண பேனருக்கு அந்த மைதா படமே போதும்."

"அப்ப கடை?"

"நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். படம் நல்லாகீது, கடை உனுக்குத்தான். இந்தப் படத்த என்னிக்கு சுவத்துல ஒட்டறோமோ அன்னிக்கு சாவி வாங்கிக்கோ. அது வரிக்கும் பிரியாணி வேவட்டும்."

அண்ணன் செத்தால் திறந்துகொள்ளலாம் என்ற நிபந்தனையோடு தங்கைக்கு ஒரு ஸ்டூடியோ கிடைத்தது ஆவடி வட்டாரத்தில் அதுதான் முதல் தடவை.

சுலோசனா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரி என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? வேண்டாம் என்றால் கடை போச்சு. ஜெயித்துவிட்டாள், கையில் ஒன்றுமில்லை. போட்டியில் தோற்றிருந்தாலாவது அழுது தொலைக்கலாம்.

"பாய்கிட்ட பேசிட்டு வரேன். இங்க சரியா கேக்காது, தெருவுக்கு வா மாப்ள" என்று ஹேமநாதனைக் கூட்டிக்கொண்டு அவர் வெளியே போனார்.

சுலோசனா மாடிக்கு ஏறினாள். கட்டிலைக் கீழே இறக்கிப் படுத்துவிடலாம், கேமராவை ஜூஸ் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வந்தது அவளுக்கு. தெர்மாகோலை ஓங்கி உதைத்தாள். அது காற்றில் மிதந்து போய் மெதுவாக உட்கார்ந்தது. அதுகூட அவள் கோபத்துக்கு உடையவில்லை.

பின்னாலேயே நாகம்மாள் வந்தாள். கறுப்பு வேட்டியின் குண்டூசிகளைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, மடித்து வைத்தாள்.

"மன்னிச்சிடுங்க அண்ணி. நல்ல நாளும் அதுவுமா, கறுப்பு கட்டி அண்ணன அப்டி உக்கார வெச்சிட்டேன்."

"கறுப்புல இன்னாடி கீது? தமிழரசு மேலயும் தப்பு சொல்ல மாட்டேன். அறுபதாங் கல்யாணம் ஒத்த ஆளுக்கா பண்ணுவாங்க? ஒத்த ஆளா படம் அனுப்புனா அவன் வேற இன்னான்னு நெனைப்பான்?"

சுலோசனா நிமிர்ந்து பார்த்தாள். நாகம்மாள் காதில் ஜிமிக்கி போட்டிருந்தாள். கண்ணுக்கு மை வைத்திருந்தாள். மை கொஞ்சம் கலைந்திருந்தது. காலையிலிருந்து இந்த முகம் இதே அறையில், இரண்டடி தூரத்தில், தெர்மாகோலுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

"கடக்காரன்கிட்டயும் அவுரு மட்டுந்தான் போனாரு. இங்க வந்தா நீயாச்சும் கூப்டுவேன்னு பட்டு கட்டிக்கினு வந்தேன். நீ அட்டைய புடின்னு சொல்லிட்ட."

சுலோசனா தெர்மாகோலை எடுத்து ஓரமாக வைத்தாள். "அண்ணி..."

"வுடு. இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அந்தக் கடை நிக்கிற எடம் எங்கப்பா எனுக்குக் குடுத்த எடம். அதுல பிரியாணியா போட்டோவான்னு உங்கண்ணன் ஊரெல்லாம் கேக்கறாரு. எங்கிட்ட கேக்கல. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

சொல்லிவிட்டு நாகம்மாள் ஸ்டூலை இழுத்து, பால்கனிக் கதவின் வெளிச்சத்தில் போட்டு உட்கார்ந்தாள். வேட்டி இருந்த இடத்தில் காரை பெயர்ந்த சுவர்தான் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

சுலோசனா கேமராவை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள்.

கீழே தெருவிலிருந்து கலியமூர்த்தியின் குரல் கேட்டது. "நாகு! பாய் லைன்ல கீறாரு. சரின்னு சொல்லிடட்டுமா?"

நாகம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"கத்திக்கினே இருக்கட்டும்" என்றாள். "மூஞ்சிய எந்தப் பக்கம் திருப்பணும், அத சொல்லு மொதல்ல."